பாதிமாடி தேர்ந்தெடுத்த ஊர்

இப்போது சொல்லப்போவது அச்சு அசலாக நடந்த கதை. இதில் ஒரு சொல் பொய்யென்று யாராவது நிரூபித்தால், ஒரு பக்க மீசையை எடுத்துவிட்டு ஒரு மாதம் வேலைக்கு வருகிறேன்.

சரி, சத்தியம் செய்த சூடு ஆறுவதற்குள் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாய் ஏழு என்பதைப் பதினேழு என்றுதான் சொல்லும். பிறவிக் கோளாறு. நான் சொல்கிற எண்ணிலெல்லாம் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கழிக்க முடியாத சின்ன எண்ணாக இருந்தால் அது நிஜம். இன்னொன்று, அந்தப் பயணத்துக்கு நான் போகவில்லை. அதனால்தான் எனக்கு முழுக்கதையும் தெரியும். போன நாலு பேருக்கும் அவரவர் ஜன்னலில் தெரிந்தது மட்டும்தான் தெரியும். நாலு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து கொட்டியதை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறேன். கொஞ்சம் அடிப்பிடித்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு பேரும் இதோ, இந்த லிஃப்ட் பட்டறையில்தான் இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, லிஃப்டுக்கு எதிர் எடையாகத் தொங்கவிடுகிற இரும்புக் கட்டிகளை ஆளுக்கு மூன்றாக அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். முறைக்கட்டும். முறைத்து யாருக்கும் பல் விழுந்ததில்லை.

கதாநாயகன் பாதிமாடி. பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்தார்கள். அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புதுச் சட்டையின் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு சுவிட்சைத் தட்டினான். கம்பெனி முதலாளியின் மாமியார் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனார். மூன்று மணி நேரம். அந்த அம்மாள் அன்று பேசிய பேச்சில், எண்ணெய் போடாத கம்பியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டதாகச் சொல்வார்கள். பாதிமாடியின் வேலை போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு மணி நேரம் வீடு அமைதியா இருந்துச்சுப்பா. நல்லா இரு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். வேலை தங்கிவிட்டது. பெயரும் தங்கிவிட்டது. இருபத்தாறு வருடம் ஆகிறது. இந்த எண்ணில் பத்தைக் கழிக்க வேண்டாம்.

பாதிமாடிக்குக் கை சுத்தம், வேலை சுத்தம். குறை ஒன்றே ஒன்று. அவன் பேச்சு எங்கேயும் எடுபடாது. வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று அவனைக் கேட்டார்கள். அடித்து முடித்த மறுநாள் கேட்டார்கள். பட்டறையில் "இந்தக் கயிறு தேஞ்சுபோச்சு, மாத்தணும்" என்பான். சூப்பர்வைசர் கொட்டாவி விடுவார். மூன்று மாதம் கழித்து அதே சூப்பர்வைசர் வந்து, "கயிறு இப்படித் தேஞ்சு கெடக்கு, ஒருத்தனுக்கும் கண்ணு இல்லையா?" என்று அவனைப் பார்த்துத்தான் கத்துவார். முடிவெட்டும் கடையில் "காதுக்கு மேல கொஞ்சம் விடுங்க" என்பான். வெளியே வரும்போது காதுதான் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அவன் பெண்சாதி நல்லவள்தான். அவன் பேசும்போது குறுக்கே பேசவே மாட்டாள். அவன் பேசி முடித்ததும், அவன் பேசவே இல்லை என்பதுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

அவன் சொல் செல்லுபடியாகிற இடம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. நண்பர்களோடு போகும் வருடப் பயணம்.

வருடத்தில் நாலு நாள் கம்பெனி மூடும். அந்த நாலு நாளும் நாலு பேர் ஒரு வேனில் கிளம்பிவிடுவார்கள். பாதிமாடி ஒருவன். இரண்டாவது, வக்கீல். கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்காத எலக்ட்ரீசியன், ஆனால் "மழை பெய்யுது" என்று சொன்னால் "யாரு சொன்னா? ஆதாரம்?" என்று நனைந்துகொண்டே கேட்பான். மூன்றாவது, சைலன்சர். வெல்டிங் வேலை. குசுகுசுவென்று ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவில் ஜன்னல் திறந்துகொள்ளும். நாலாவது, மச்சான். பாதிமாடியின் பெண்சாதிக்கு உடன்பிறந்த தம்பி, கம்பெனி வேன் ஓட்டுகிறவன். பாதிமாடி வாயைத் திறக்கும்போது ஹாரன் அடிப்பது இவன் பொழுதுபோக்கு.

போகும் ஊரை ஒவ்வொரு வருடமும் ஒருவன் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பான். மற்ற மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே இருக்கிற பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தித் தீர்ப்பு. லிஃப்ட் கம்பெனிக்காரன் எவனிடமும், வேன் ஓட்டுகிறவனிடம்கூட, ஒரு முக்கோணச் சாவி இருக்கும். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற சாவி அது. இடுப்புத் துணி இல்லாமல் வெளியே வந்தாலும் வருவான், அந்தச் சாவி இல்லாமல் வரமாட்டான். ஊர் பிடித்திருந்தால் அந்தச் சாவியை எடுத்து வேனின் பானட் மேல் வைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கை பையிலேயே இருக்கும். தேர்ந்தெடுத்தவனுக்கு ஓட்டுக் கிடையாது. மூன்று சாவியில் இரண்டு விழுந்தால் அவன் தலை நிமிரும்.

தொடர்ந்து மூன்று முறை தோற்றவன் பெட்டி ஆகிவிடுவான். அதாவது, ஆயுசு பூராவும் ஊர் தேர்ந்தெடுக்கிற உரிமை போய்விடும். பின்சீட்டில் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து வர வேண்டும். ஜன்னலைத் திற, மூடு என்று சொல்லக்கூட வாய் கிடையாது.

பாதிமாடி இரண்டு முறை தோற்றிருந்தான். முதல் முறை அருவி. அருவி இருந்தது, தண்ணீர்தான் போன வருடமே வந்துவிட்டுப் போய்விட்டதாம். இரண்டாவது முறை பறவைகள் சரணாலயம். பறவைகளுக்கும் அதே நாலு நாள்தான் விடுமுறை போலிருக்கிறது. முறை நாலு வருடத்துக்கு ஒருதடவைதான் வரும். எட்டு வருட அவமானத்தைச் சுமந்துகொண்டு மூன்றாவது முறைக்கு நின்றான் மனுஷன். இதுவும் போனால், பேச்சு எடுபடுகிற கடைசி இடமும் போயிற்று.

இப்படிப்பட்டவன் ஊரை எப்படித் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? நாலு பேரிடம் விசாரித்து, படம் பார்த்து, ஜாதகம் பார்த்து. இவன் லிஃப்ட் கூரைமேல் படுத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தான்.

அதில் ஒரு தொழில் சூட்சுமம் இருக்கிறது. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து மெக்கானிக் மெல்ல மெல்லக் கம்பிக்கு எண்ணெய் போடும்போது, கீழே பெட்டிக்குள் இருக்கிறவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியாது. மாமியார் கதை, மருமகள் கதை, அதிகாரி கதை எல்லாம் தலைக்குக் கீழே ஓடும். "கூரைமேல ஆள் இருந்தா, உள்ள ஆள ஏத்தாதே" என்று சட்டம் இருக்கிறது. சட்டம் சூப்பர்வைசர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அப்படி ஒருநாள் கீழே ஒரு பெண் யாரிடமோ சொன்னாள்: "எங்க ஊருல பாக்க ஒண்ணும் இல்லைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு இருக்கு. அத மட்டும் வாழ்க்கைல ஒரு தடவ பாத்துட்டா…"

பதினோராம் மாடி வந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் மீதி வாக்கியத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஊர்ப் பெயர் மட்டும் முன்பே காதில் விழுந்திருந்தது. பாதிமாடி எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே உறைந்து கிடந்தான்.

வேனில் ஏறின அன்று வக்கீல் விசாரணையை ஆரம்பித்தான்.

"அங்க என்னப்பா இருக்கு?"

"ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

"அது தெரியாது."

"தெரியாததையா பாக்கப் போறோம்?"

"தெரிஞ்சத எதுக்குப் போய்ப் பாக்கணும்?"

மச்சான் ஹாரனை நீளமாக அடித்தான். "மாமா, பின்சீட்ட இப்பவே தொடச்சு வைக்கவா?"

போய்ச் சேர்ந்தார்கள். அடேயப்பா, அப்படி ஒரு தட்டையான ஊரைப் பூமி செய்துவிட்டு வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கிறது. எதிரே சைக்கிளில் வருகிறவருக்கு வணக்கம் சொல்லிக் கையைத் தூக்கினால், அவர் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். மாடி வீடு என்று ஒன்று கிடையாது. ஊருக்குள் உயரமான இடம் தபால் நிலையத்தின் வாசற்படி. மீதியெல்லாம் உப்பளம். பாத்திக்குப் பாத்தி ஆள் உயரத்துக்கு மண்கரை கட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் சந்துபோல வண்டிப் பாதை. இடது பக்கம் மண், வலது பக்கம் மண், காலுக்குக் கீழே சேறு. கரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், அங்கே இன்னொரு கரை இருக்கிறது. நாற்றம் வேறு. சைலன்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசியும் கரைக்கு அந்தப்புறம் வேலை செய்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

தங்கிய விடுதியை நடத்தியது ஓர் அக்கா. நாலு அறை, நாலிலும் ஒரே ஜன்னல் காட்சி: சுவர். சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டே, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"சுத்திப் பாக்க."

"எத?"

பாதிமாடி முன்னால் வந்தான். "அக்கா, உங்க ஊருல பாக்க ஒண்ணே ஒண்ணு இருக்காமே. அது எது?"

அக்கா வெகுநேரம் யோசித்தார். கதவில் சாய்ந்து யோசித்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து யோசித்தார்.

"பஸ் ஸ்டாண்டுல புதுசா ஒரு கக்கூஸ் கட்டியிருக்காங்க" என்றார். "நல்லாதான் இருக்கு."

முதல் நாள் நாலு பேரும் அதைப் போய்ப் பார்த்தார்கள். உண்மையிலேயே நல்ல கக்கூஸ். வெள்ளை ஓடு, தண்ணீர் வருகிறது, கதவுக் கொண்டி விழுகிறது. இரண்டாவது நாளும் அதையே போய்ப் பார்த்தார்கள், வேறு இடம் இல்லாததால். கொசுக்கள் விஷயத்தை நான் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. மச்சானின் செருப்பை இரண்டு கொசுக்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய், அளவு சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தன. அவ்வளவுதான்.

இரண்டாவது நாள் சாயங்காலமே பின்சீட்டில் பெட்டிகளை ஓரமாக நகர்த்தி, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் செய்துவிட்டான் மச்சான். அதைப் பாதிமாடி பார்த்தான். அறைக்குள் போய் சுவரைப் பார்க்கிற ஜன்னலண்டை நின்றான். அந்தச் சுவரோடு அவனுக்கு என்ன பேச்சு இருந்தது என்று எனக்கும் தெரியாது. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

மூன்றாவது நாள் காலையில், கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று நடக்கலாம் என்று அவன்தான் கெஞ்சினான். மண்கரைச் சந்தில் வளைந்து வளைந்து போனார்கள். ஒரு திருப்பத்தில், சந்து முடிகிற இடத்தில், உப்புக் கம்பெனியின் பழைய கோபுரம் நின்றது. முன்காலத்தில் உப்பை மேலே ஏற்றிச் சரிவு வழியாக லாரியில் கொட்டுவதற்குக் கட்டியது. இருபத்தேழு மாடி உயரம். (கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் அதிகமாகத் தெரிந்தால் இன்னொரு பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.) ஜன்னல் கிடையாது. துருப்பிடித்த தகரப் பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல இருந்தது. இரண்டு நாளாகத் தூரத்தில் தெரிந்ததுதான், ஏதோ தண்ணீர்த் தொட்டி என்று ஒருவனும் கவனிக்கவில்லை. கீழ்க்கதவு திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

லிஃப்ட்!

சரக்கு லிஃப்ட். இரும்புக் கதவு. கதவில் ஓர் அட்டை: "பழுது. தொடாதே."

நாலு பேரும் நின்றுவிட்டார்கள். டாக்டர் எதிரில் ஒருவன் இருமினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. சைலன்சர் மெதுவாக அட்டையைத் தொட்டான். வக்கீல் மின்பெட்டியின் மூடியைத் தட்டிப் பார்த்தான்.

"லீவுல வந்திருக்கோம்" என்றான் மச்சான். "கருவி கிருவி எதுவும் எடுத்துட்டு வரக் கூடாதுன்னு பேசியிருக்கோம்ல? சத்தியம் பண்ணியிருக்கோம்ல?"

"ஆமா, ஆமா" என்றார்கள் மூன்று பேரும்.

பிறகு சைலன்சர் தன் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். வக்கீல் சட்டைக்குள்ளிருந்து டெஸ்டரை உருவினான். பாதிமாடியின் பையில் எண்ணெய்க் கிண்ணமும் துணியும் இருந்தன. மச்சான் கொஞ்சநேரம் மூன்று பேரையும் கேவலமாகப் பார்த்துவிட்டு, கால்சட்டைப் பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து வெளிச்சம் அடித்தான்.

வக்கீல் மின்பெட்டியைத் திறந்தான். "எந்தக் கழுதையோ ஃபியூஸைப் புடுங்கி வச்சிருக்கான்! பழுதே இல்லப்பா இது!" என்றான். இந்த இடத்தில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பழுதில்லாத லிஃப்டுக்கு ஒருவன் ஏன் பழுது என்று எழுதி மாட்டுவான்? எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிற அந்த மூளை அன்றைக்கென்று லீவில் இருந்தது.

உப்புக்காற்றில் அரித்துப்போன இணைப்புகளைச் சுரண்டினார்கள். கதவுப் பூட்டுக்கு எண்ணெய் போட்டார்கள். பாதிமாடி படியேறி உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் போனான். படிக்கட்டு கும்மிருட்டு, முந்நூறு படி. மோட்டாரைத் துடைத்து, பிரேக்கைத் தட்டிப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் தயார்.

பெட்டியை ஓட்டுவதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சூப்பர்வைசர் இருந்தால் காகிதத்தில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்குவார். லீவில் ஏது காகிதம்? பாதிமாடி மேலேயிருந்து, "உள்ள பாத்தியா?" என்று கத்தினான். வக்கீல் கதவின் அழுக்குக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல, சாக்குதான் கெடக்கு!"

சாக்கு கிடந்தது வாஸ்தவம். சாக்குக்குக் கீழே கோபுரத்தின் காவல்காரர் கிடந்தார்.

அவர்தான் விடுதி அக்காவின் புருஷன். பகலெல்லாம் டூட்டி என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு வந்து, லிஃப்டுக்குள் கட்டில் போட்டு, ஸ்டவ் வைத்து, துணைக்கு ஒரு கோழியும் வைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, அட்டையை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு வருடமாகத் தூங்குகிறார். நாலு பேர் இரண்டு மணி நேரம் தலைமாட்டில் சுத்தியலால் அடித்தபோதும் முழிக்காத தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு அரசாங்கம் மெடல் கொடுக்க வேண்டும்.

பாதிமாடி விசையைத் தட்டினான். மோட்டார் உறுமியது. பெட்டி ஏறியது. பாதி தூரம் போனதும் கோழி கத்தியது. கோழிக்குப் பிறகு, "ஐயோ! யாரோ என்னைத் தூக்குறாங்க! நான் இன்னும் சாகலைய்யா!" என்று ஓர் ஓலம் கிளம்பியது.

பாதிமாடி பதறிப்போய் நிறுத்துகிற பொத்தானைக் குத்தினான். பெட்டி உச்சிக்கு அரை மாடி கீழே நின்றது. எங்கே நிற்கும் பின்னே?

முக்கோணச் சாவியைப் போட்டு உச்சிக் கதவைத் திறந்தான். கீழே, அவன் முழங்கால் உயரத்தில், கோழியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மனுஷர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"நீ யாருப்பா? கூட்டிட்டுப் போக வந்தவனா?"

"நான் மெக்கானிக் அண்ணே. கையக் குடுங்க."

"மெக்கானிக்கா? மேல எதுக்குய்யா மெக்கானிக்கு!"

மற்ற மூன்று பேரும் மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தார்கள். நாலு பேருமாகக் கோழியை முதலிலும் அவரை இரண்டாவதாகவும் இழுத்து மேலே போட்டார்கள். இருட்டு. டார்ச்சை மச்சான் பதற்றத்தில் கீழேயே போட்டுவிட்டு வந்திருந்தான். அவருக்கு அடிகிடி பட்டிருக்கிறதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். எதிர்ச் சுவரில், முன்காலத்தில் உப்பைத் தள்ளிவிட்ட பெரிய தகரக் கதவு ஒன்று இருந்தது. துருவேறி இறுகிப்போயிருந்தது. தோளைக் கொடுத்து நாலு பேரும் முக்கினார்கள். கிறீச்சென்று கத்திக்கொண்டு அது விலகியது.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. நாலு பேரும் தனித்தனியாக வந்து சொன்னபோதும் இந்த இடம் மட்டும் ஒரே மாதிரி இருந்தது.

தரையில் நின்றால் மண்கரையாகத் தெரிந்ததெல்லாம் மேலேயிருந்து பார்த்தால் வெறும் கோடுகள். கோடுகளுக்கு நடுவில் ஆயிரம் கண்ணாடி. ஒவ்வொரு பாத்தியிலும் உப்பு ஒவ்வொரு பதத்தில் இருந்தது; பதத்துக்கு ஒரு நிறம். ஒன்று வெங்காயத்தோல் நிறம். ஒன்று செங்கல். ஒன்று துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம். ஒன்று இளஞ்சிவப்பு, புதிதாய்ப் பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி. கண்ணுக்கு எட்டிய மட்டும் அப்படியே போய், கடைசியில் கடல் ஒரு நூலாகக் கிடந்தது. மேகம் ஒன்று நகர்ந்தது. கீழே அந்த மேகம் சிவப்பிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போனது.

சைலன்சர் இரண்டு நிமிடம் பேசவில்லை. அவனுக்கு வாய் முளைத்ததற்குப் பிறகு இதுதான் முதல்முறை.

காவல்காரர் தகரக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். உயரம் என்றால் அவருக்குப் பயம். பதினோரு வருடத்தில் ஒரு படிகூட ஏறியதில்லை.

"இதையா?" என்றார். "இதையாய்யா நான் காவல் காத்துட்டு இருந்தேன்?"

அப்படியே உட்கார்ந்துவிட்டார். இறங்க மாட்டேன் என்றார். சாப்பாடு இங்கேயே வரட்டும் என்றார். சைலன்சர் கீழ்நோக்கி ஒரு குரல் கொடுக்க, விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். பாதிமாடி பெட்டியைச் சரியாக மட்டத்தில் நிறுத்தி அவரை மேலே ஏற்றினான்.

"டூட்டியா பாக்குற, டூட்டி? கட்டில் எங்கடா போச்சுன்னு வருஷக்கணக்கா தேடிட்டு இருக்கேன்! லிஃப்டுக்குள்ள குடித்தனமா நடத்துற?" என்று கேட்டுக்கொண்டே வந்த அக்கா, கதவண்டை வந்ததும் திட்டுவதை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு திட்டினார். திட்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறகு கையை நீட்டி, "அதோ, நம்ம கொடியில என் பச்சைச் சேலை காயுது பாருய்யா. எம்புட்டுச் சின்னதா இருக்கு" என்றார். காவல்காரர் நகர்ந்து இடம் விட்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் ஊரே வந்துவிட்டது. எட்டு எட்டுப் பேராக ஏற்றினான் பாதிமாடி. உப்பு வாருகிற பெண்கள் தாங்கள் வாரிய பாத்தியைத் தேடிக் கண்டுபிடித்து, "அந்தச் சிவப்பு என்னது! அது என்னதுடி!" என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். "நெருக்காதீங்க, கதவ விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று பாதிமாடி சொன்னான். தள்ளி நின்றார்கள். அவன் சொல்லித் தள்ளி நின்றார்கள்! அதை அவன் இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தான்.

நாலாவது நாள் திரும்பும்போது பெட்ரோல் பங்கில் வேன் நின்றது. தீர்ப்பு.

வக்கீல் தொண்டையைக் கனைத்தான். "ஒரு சட்டப் பிரச்சினை இருக்கு. நல்லா இருந்தது ஊரா, உசரமா? ஊருல நின்னு பாத்தப்ப சேறும் கொசுவும். உசரத்துல நின்னு பாத்தப்பதான் அழகு. அந்த உசரத்த யாரு குடுத்தா? நம்ம ரிப்பேர் பண்ணிக் குடுத்தோம். அப்ப ஊருக்கு எதுக்கு மார்க்கு? நம்ம வேலைக்கு நாமளே கைதட்டிக்கறதா?"

எப்போதும் இந்த இடத்தில் பாதிமாடி "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டைப் பார்ப்பான். அன்று பார்க்கவில்லை.

"உசரம் நம்மதுதான்" என்றான். "நாப்பது மாடி ஏறியிருக்கோம் நம்ம ஊருல. அறுபது மாடி ஏறியிருக்கோம். என்னத்தடா பாத்தோம்? பக்கத்துக் கட்டடத்து ஏ.சி. பெட்டி. அதுக்குப் பின்னாடி இன்னொரு ஏ.சி. பெட்டி. உசரம்தான் அழகுன்னா தெனமும் அழுதிருக்கணும்லடா நம்ம?"

மச்சான் ஹாரன் அடிக்கவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து பானட் மேல் வைத்தான். "மாமா, நான் அந்த கக்கூஸுக்காக வைக்கிறேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான்.

வக்கீலின் கை பையைவிட்டு வெளியே வரவில்லை.

மிச்சம் சைலன்சர். அவன் பானட் பக்கம் குனிந்தான். டங்கென்று சத்தம் கேட்டது. இரண்டாவது சாவி பானட் மேல் கிடந்தது. இரண்டு சாவி. ஆகவே மக்களே, பாதிமாடி ஜெயித்தான், பெட்டி ஆகாமல் பிழைத்தான், அடுத்த முறையும் அவன் ஊர்...

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று எடைக்கட்டி மேலிருந்து வக்கீல் குதித்துவிட்டான். "யாரு வச்சா? அவன் வைக்கவே இல்ல! இன்ஜின்ல என்னமோ சத்தம் வருதுன்னு குனிஞ்சான், சட்டை மேல்பையில இருந்து தானா விழுந்துச்சு! தானா விழுந்தது ஓட்டா?"

"எங்க விழுந்துச்சு? பானட் மேலதான விழுந்துச்சு?" என்றான் மச்சான்.

"காக்கா எச்சம்கூடத்தான் பானட் மேல விழும்! அதையும் எண்ணுவியா?"

"நான் வைக்கலாம்னுதான் குனிஞ்சேன்" என்றான் சைலன்சர். பட்டறைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. "சத்தமும் வந்துச்சு, அதையும் பாக்கலாம்னு குனிஞ்சேன். ரெண்டுக்கும்தான் குனிஞ்சேன்."

"ரெண்டுல முதல்ல எதுக்குக் குனிஞ்ச? அத சொல்லு!"

"குனியும்போது எவன்டா வரிசை போட்டுக் குனிவான்!"

பின்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெயின்ட் செக்ஷன் ஆட்களும் எழுந்துவிட்டார்கள். விழுந்தது செல்லும் என்று பாதிப் பேர், செல்லாது என்று பாதிப் பேர், முதலில் அந்த மாதிரி ஓர் ஊரே கிடையாது, நான்தான் கதை கட்டுகிறேன் என்று இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் விழுந்தது செல்லும் கட்சியும் செல்லாது கட்சியும் சேர்ந்து அடிக்கப் போனார்கள்.

அப்போதுதான் பாதிமாடி எழுந்தான். நேராகப் போய் சைலன்சரின் மேல்பையில் கையை விட்டு முக்கோணச் சாவியை எடுத்தான். அதைச் சைலன்சரின் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கினான். பட்டறை மேஜையைக் காட்டினான்.

"பானட்டு கெடக்கட்டும். இப்ப வை. எல்லாரும் பாக்க வை. வைக்கிறியா, இல்லையா?"

"வைக்காதடா! தேதி தாண்டிப்போச்சு, இப்ப வச்சா செல்லாது!" என்று வக்கீல் பாய்ந்து சைலன்சரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் கைய விடு! மாமா, இந்தாள் இழுக்கறான் மாமா!"

"நீ என் சட்டைய விடு முதல்ல!"

"என் கை, என் சாவி, எல்லாரும் தள்ளிப் போங்கடா!"

"தள்ளி நில்லுங்கன்னு சொல்றேன்ல!" என்றான் பாதிமாடி. ஒருவரும் தள்ளி நிற்கவில்லை. அவன் இன்னும் பலமாகச் சொன்னான்.

ஏய், பாத்து, பாத்து! அந்தக் கட்டியத் தள்ளாதீங்க, கால்ல விழும்!